எதெல் மெய்ரேயின் தறிக்கூடம்

ஆனந்த குமாரசாமியோடு இலங்கைக்கு வந்த ஆங்கிலப் பெண் ஒருத்தி, பின்னாளில் சசெக்ஸ் கிராமம் ஒன்றில் தறி போட்டார். அங்கே நெய்த துணியை விட, அங்கிருந்து வெளியே போன ஆட்கள்தான் அதிக தூரம் போனார்கள்.

ஆனந்த குமாரசாமியை நாம் உரிமையோடு நம்மவர் என்று சொல்லிக்கொள்கிறோம். யாழ்ப்பாண வேர், தந்தை சர் முத்து குமாரசாமி, பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அத்தை மகன்கள். நடராஜர் திருமேனியை உலகுக்கு விளக்கியவர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அவருடைய முதல் மனைவியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பெரும்பாலும் பதில் வராது. வாழ்க்கைக் குறிப்புகளில் அவருக்குக் கிடைப்பது ஓரிரண்டு வரி. இங்கிலாந்தில் நிலைமை நேர் எதிர். அங்கே கைநெசவுக்காரர்கள் கூடும் இடத்தில் எதெல் மெய்ரே என்றால் தெரியாதவர் இல்லை. ஆங்கிலக் கைநெசவின் தாய் என்றே அவரைச் சொல்கிறார்கள். குமாரசாமிதான் அங்கே 'முதல் கணவர்'.

1872-ல் டெவன் மாவட்டத்தின் பார்ன்ஸ்டபிள் ஊரில் பிறந்தவர் எதெல் பார்ட்ரிட்ஜ். அப்பா மருந்துக் கடைக்காரர். பியானோ படித்தார், பிள்ளைகளுக்கு வீட்டோடு இருந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தார். நெசவுக்கும் அவருக்கும் அப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. 1902-ல் குமாரசாமியை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். குமாரசாமி போனது கலை ஆராய்ச்சிக்கு அல்ல. அவர் நிலவியல் படித்தவர். இலங்கையின் கனிம வள ஆய்வுக்குத் தலைமை ஏற்றுத்தான் போனார். மலை மலையாகக் கல்லைத் தேடி அலைந்தவரின் கண், வழியில் இருந்த கொல்லனையும் குயவனையும் தறிக்காரனையும் பார்க்கத் தொடங்கியது. கேமராவோடு உடன் போனார் எதெல்.

அவர்கள் பார்த்தது ஒரு முடிவின் கடைசிக் கட்டம். கண்டி அரசு இருந்தவரை கைவினைஞருக்கு நிலம் உண்டு. அந்த நிலத்துக்கு ஈடாக அரசனுக்கும் கோயிலுக்கும் வேலை செய்து கொடுப்பார்கள். 1815-ல் அரசு போயிற்று. பிறகு அந்த ஊழிய முறையும் போயிற்று. அதன் மேல் மான்செஸ்டர் மில் துணி வந்து இறங்கியது. உட தும்பறைப் பகுதியில் தலகுணே போன்ற சில கிராமங்களில்தான் பருத்தித் தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உடுக்கவும் விரிக்கவும் ஆன துணிதான், ஆனால் அதில் வரிசையாக மான், அன்னம், பாம்பு, கொடி. அலங்காரத்துக்கென்று தனியாக ஒன்றும், பயன்பாட்டுக்கென்று தனியாக ஒன்றும் என்கிற பிரிவினை அந்த வீடுகளில் இல்லை. எதெல் பின்னால் நாற்பது வருடம் விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிங்களத் தையல் வேலைப்பாட்டைப் பற்றி அவரே கட்டுரை எழுதினார். 1907-ல் இருவரும் இங்கிலாந்து திரும்பி, பிராட் கேம்ப்டன் ஊரில் நார்மன் சேப்பல் என்ற பழைய கட்டடத்தைப் புதுப்பித்துக் குடியேறினார்கள். அங்கேதான் குமாரசாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' அச்சாயிற்று. 1908-ல் வெளிவந்தது, மொத்தம் 425 படிகள். வில்லியம் மோரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் கவிஞர் சாசரின் படைப்புகளை அச்சடித்த அதே கை அச்சு இயந்திரத்தில். நூலில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை எதெல் எடுத்தவை. நூல் முடிந்த சில ஆண்டுகளில் மண வாழ்க்கையும் முறிந்தது. குமாரசாமி வேறு பாதையில் போனார்; எதெலுக்கு நாற்பதை நெருங்கும் வயதில் தறி கிடைத்தது.

சொந்த மாவட்டமான டெவனில்தான் அவர் நெசவு கற்கத் தொடங்கினார். 1913-ல் பிலிப் மெய்ரேயை மணந்தார். பிலிப் முன்பு குமாரசாமியிடம் வரைபடக்காரராக வேலை பார்த்தவர். பின்னாளில் பத்திரிகை ஆசிரியர். சார்த்தரின் இருத்தலியல் உரையை 1948-ல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. (இந்தக் குடும்பத்தில் யாரைத் தொட்டாலும் ஒரு புத்தகம் விழுகிறது.) ஷேக்ஸ்பியரின் ஊருக்குப் பக்கத்தில் ஷாட்டரியில் சில ஆண்டுகள் தறி ஓட்டிவிட்டு, முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் சசெக்ஸ் கிராமமான டிச்லிங் வந்து சேர்ந்தார்கள்.

இதே காலத்தில் நம் பக்கம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். 1909-ல் 'இந்திய சுயராஜ்யம்' எழுதியபோது கைராட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று காந்தி சத்திய சோதனையில் ஒப்புக்கொள்கிறார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பிறகும் குஜராத்தில் தேடு தேடென்று தேடி, கங்காபென் என்ற விதவைப் பெண் விஜாபூரில் ஒரு ராட்டையைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நூல் நூற்கும் கை இந்தியாவிலும் மறைந்துகொண்டிருந்தது, இங்கிலாந்திலும் மறைந்துகொண்டிருந்தது. காந்திக்கு அது நாட்டின் பசிக்கும் விடுதலைக்குமான கேள்வி. மெய்ரேக்கு அது துணியின் தரம் பற்றிய கேள்வி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் மெய்ரே அந்தக் கேள்வியை எவ்வளவு தூரம் துருவினார் என்பதைப் பார்க்க வேண்டும்.

சாயம்

முதலில் அவர் கை வைத்தது தறியில்கூட இல்லை, சாயத் தொட்டியில். 1916-ல் 'தாவரச் சாயங்கள்' என்ற சிறு நூலை வெளியிட்டார். அதன் அவசியத்தைப் புரிந்துகொள்ள அறுபது வருடம் பின்னால் போக வேண்டும். 1856-ல், பதினெட்டே வயதான ஆங்கில வேதியியல் மாணவர் பெர்கின், கொயினா மருந்து செய்யப் போய், தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். 1868-ல் மஞ்சிட்டி வேரின் சிவப்பை ஜெர்மானியர்கள் ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். 1897-ல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. பிரான்சிலும் ஹாலந்திலும் மஞ்சிட்டி வயல்கள் காணாமல் போயின. பீகாரிலும் நம் தென்னாற்காட்டிலும் அவுரி போட்டவர்கள் கை பிசைந்தார்கள். இராமேசுவரம், மன்னார்க் கரைகளில் மணலைத் தோண்டிச் சாயவேர் எடுத்தவர்களின் பிழைப்பும் அதோடு போனதுதான். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கைமாறி வந்த ஓர் அறிவு, ஒரு மனிதரின் ஆயுள் காலத்துக்குள் தேவையற்றதாகிவிட்டது. மெய்ரே பழைய நூல்களைத் தேடி எடுத்து, அவற்றில் இருந்ததைத் தானே கொதிக்க வைத்துப் பார்த்து எழுதினார்.

மஞ்சிட்டிச் சிவப்பை எடுத்துக்கொள்வோம். கம்பளி நூலை அப்படியே சாயத்தில் போட்டால் நிறம் ஒட்டாது. முதலில் படிகாரத்தில் வேக வைக்க வேண்டும். பழைய கணக்கு, கம்பளியின் எடையில் கால் பங்கு படிகாரம். பிறகு வேர்த் தூளைப் போட்ட நீரில் நூலை இறக்கி, மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் வேரிலிருக்கும் பழுப்பு வெளியே வந்து சிவப்பைக் கெடுத்துவிடும். நீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் நல்லது. டிச்லிங்கோ சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். படிகாரத்துக்குப் பதில் அன்னபேதி சேர்த்தால் அதே வேர் ஊதாப் பழுப்புக்குப் போகும்.

அவுரி வேறு ஜாதி. அது தண்ணீரில் கரையாது. பழைய முறையில் தொட்டியைப் புளிக்க வைத்து அதைக் கரைய வைப்பார்கள். தொட்டிக்குள்ளிருந்து நூலை எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இன்னும் ஆழமான நீலம் வேண்டுமானால் திரும்ப முக்கு, திரும்பக் காற்றாட விடு. தொட்டியை மோந்து பார்த்தே அதன் நலத்தைச் சொல்லக்கூடியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். செய்முறையை எழுதிவிடலாம், அந்த மூக்கை எழுத முடியாது. மெய்ரே அதனால்தான் புத்தகத்தோடு நிற்காமல் கூடம் கட்டினார்.

இன்று இயற்கைச் சாயம் என்ற பெயரில் விற்பவர்களில் சிலர், செடியிலிருந்து வந்த நிறமெல்லாம் நல்லது என்பதுபோலப் பேசுகிறார்கள். மஞ்சள் கிழங்கில் தோய்த்த துணியை நாலு நாள் வெயிலில் போட்டுப் பார்த்தால் தெரியும். எந்த வேர் நிற்கும், எந்தப் பூ போய்விடும் என்பதைப் பிரித்தறிவதுதான் சாயக்காரரின் வேலை. மெய்ரே தாவரச் சாயத்தைப் புனிதமாக்கியவர் இல்லை; அது பின்னால் நன்றாகத் தெரிய வரும்.

கோஸ்பெல்ஸ்

1920 வாக்கில் டிச்லிங்கில் தன் திட்டப்படியே ஒரு வீடு கட்டினார். கோஸ்பெல்ஸ் என்று பெயர். குடியிருப்பும் தறிக்கூடமும் சாயக்கூடமும் சேர்ந்த இடம். சிற்பியும் எழுத்துருக் கலைஞருமான எரிக் கில்லும், மெய்ரேயின் சாய நூலை அச்சிட்ட பெப்ளரும் அதே ஊரில் கத்தோலிக்கக் கைவினைஞர் சங்கம் ஒன்றை நடத்தினார்கள். அந்தச் சங்கம் 1970கள் வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஊரிலேயே பேர் போன கைவினைஞர் ஒரு பெண். அவர் வெளியே, அவரிடம் நெசவு படித்துப்போன வாலண்டைன் கில்பிரைட் உள்ளே. காலம் போன போக்கில் அந்தச் சங்கத்தில் முதலில் சேர்க்கப்பட்ட பெண், கில்பிரைடின் மகள் ஜென்னி. அவரும் நெசவுக்காரர்.

கோஸ்பெல்ஸில் நெய்தது என்ன? கழுத்துத் துண்டு, உடைக்கான துணி, திரைச்சீலை, மெத்தை உறை. சுவரில் மாட்டி வைத்துப் பார்க்கும் சித்திரத் துணி அவர் மனத்துக்கு உகந்தது இல்லை. நெசவு வகையும் பெரும்பாலும் எளியதுதான்: ஒன்று மேலே ஒன்று கீழே போகும் சாதா நெசவு, கொஞ்சம் சாய்வரி. காஞ்சிபுரத்துக் கோர்வைக் கரையையும் ஜகார்டு முந்தானையையும் பார்த்துப் பழகிய நமக்கு, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அவர் வேலை வேறு இடத்தில் இருந்தது. கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். அந்த மேடு பள்ளத்தில் வெளிச்சம் விழும் விதமே துணிக்கு உயிர் தரும். அதற்கு மேல் சிக்கலான கட்டங்களும் பூக்களும் போட்டால் நூல் பேச இடமிருக்காது. எந்த ஆட்டின் மயிர், எவ்வளவு முறுக்கு, எந்தச் சாயம் என்பதை முடிவு செய்த பிறகுதான் தறியே அவருக்கு.

இன்னொரு வேறுபாடும் நம் நெசவாளருக்குச் சுவாரசியமாக இருக்கும். பருத்தி நெசவில் பெரும் உழைப்பு தறிக்கு முன்னால். விடியற்காலை வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு விரித்து, கஞ்சி போட்டு, நூலைப் பிரித்து, பிறகு விழுதில் பிணைத்து... தறியை விட்டு இறங்கும்போது புடவை ஏறக்குறைய புடவையாகவே இருக்கும். கம்பளியில் உழைப்பின் ஒரு பாதி தறிக்குப் பின்னால் காத்திருக்கிறது. இறங்கும் துணி சல்லடைபோல் தளர்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதை வெந்நீரில் சோப்புப் போட்டு மிதித்துத் துவைத்தால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு துணி கெட்டிப்படும், சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே தெரிந்து அகலத்தையும் நெருக்கத்தையும் வைக்க வேண்டும். நம் குழித்தறியில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்போம். அங்கே தரைக்கு மேல் நிற்கும் சட்டத் தறி. மற்றபடி பாவும் ஊடையும் நாடாவும் மிதியும் எங்கும் ஒன்றே. சின்னாளப்பட்டியிலிருந்து ஒருவர் டிச்லிங் போயிருந்தால் மொழி தெரியாமலே கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கியிருப்பார்.

ஆனால் தறிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு முற்றிலும் வேறு. நம் ஊரில் மாஸ்டர் வீவரோ கூட்டுறவுச் சங்கமோ பாவும் டிசைனும் தருவார்கள், நெசவாளருக்குக் கூலி. எந்த நிறம், எந்தக் கரை என்று சொல்லும் உரிமை பெரும்பாலும் தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் இல்லை. கோஸ்பெல்ஸில் நூலைத் தேர்ந்து, சாயம் போட்டு, நெய்து, விலையும் வைப்பது ஒரே இடம். இந்த வசதி சும்மா வந்ததில்லை. மெய்ரே படித்தவர், செல்வாக்குள்ள நண்பர்கள் உள்ளவர், வேலையில்லாவிட்டால் பட்டினி என்ற நிலையில் இல்லாதவர். ஊர்ப் பெண்கள் கூலிக்கு வந்து நூற்றார்கள், நெய்தார்கள். மாணவர்கள் கட்டணம் கட்டிக் கற்றார்கள். அவர் கறாரானவர், எளிதில் திருப்திப்படாதவர். கூடத்தின் துணிகளில் எஜமானியின் பெயர்தான் நிலைத்தது. இலங்கையில் அவர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்த நெசவாளிகளின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த வரலாற்றைப் புகழ்ந்து பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1921-ல் பெர்னார்டு லீச் தன் ஜப்பானிய நண்பர் ஹமாடா ஷோஜியை டிச்லிங்குக்கு அழைத்து வந்தார். இருவரும் மண்பாண்டக்காரர்கள். நகரத்தை விட்டு வந்து, கிராமத்தில் தாங்கள் செய்த பொருள்களையே புழங்கிக்கொண்டு வாழும் மனிதர்களைப் பார்த்தது ஹமாடாவை ஆழமாகத் தொட்டது. ஊர் திரும்பிய அவர் டோக்கியோவில் தங்கவில்லை. மஷிகோ என்ற கிராமத்தில் போய் உட்கார்ந்தார். ஜப்பானின் நாட்டார் கைவினை இயக்கத்தின் பெருந்தூண்களில் ஒருவரானார். கண்டியில் ஒரு ஆங்கிலப் பெண் பார்த்தது டிச்லிங் வழியாக ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொன்னால் மிகை. முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது.

மில்லுக்கு எதிரி இல்லை

மெய்ரேயின் கதை இதோடு நின்றிருந்தால் அவரும் பழமையை நேசித்த இன்னொரு ஆங்கிலேயப் பெண்மணியாகத்தான் இருந்திருப்பார். 1930களில் அவர் திசை திரும்பியது பலருக்கும் பிடிக்கவில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போனார். பால்கன் கிராமங்களில் பழைய துணி சேகரித்தார். கூடவே புதிய ஜவுளி எப்படி உருவாகிறது என்பதையும் பார்த்தார். ரேயான் வந்திருந்தது. ஆலை நூல் வந்திருந்தது. செயற்கைச் சாயங்களும் முன்னைவிட நிலைக்கத் தொடங்கியிருந்தன. இவற்றையெல்லாம் தன் தறிக்குள் விட்டார். 1939-ல் வந்த 'இன்றைய கைநெசவு' நூலில் அவர் வாதம் தெளிவாக இருக்கிறது. மில்லோடு கஜக்கணக்கில் போட்டி போடுவது கைத்தறியின் வேலை இல்லை. மில்லுக்கு நூலைப் பற்றி யோசிக்க நேரமில்லை; ஒரு சிறிய கூடத்தில் அதற்கு நேரம் உண்டு. அங்கே காலையில் ஒரு நூலை மாற்றிப் போட்டு மாலைக்குள் பலனைப் பார்த்துவிடலாம். அப்படிக் கண்டுபிடித்ததை மில்லுக்குக் கொடுக்க வேண்டும், மில்லும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கைத்தறி என்றதும் 'பாரம்பரியத்தைக் காப்போம்' என்று தொடங்கி 'நெசவாளர் கண்ணீர்' என்று முடிக்கும் நம் மேடைப் பேச்சில் இந்தக் கோணத்துக்கு இடமே இல்லை. விசைத்தறியை எதிரியாக வைத்துப் பேசுகிறோம். தறி தெரிந்தவரை மில்லின் வடிவமைப்பு மேசையில் உட்கார வைப்பதைப் பற்றி யாரும் பேசக் காணோம். மெய்ரே சொன்ன தீர்வு நமக்கு அப்படியே பொருந்தாது. அவர் காப்பாற்ற நினைத்தது ஒரு சிறு கூடத்தை. நம்மிடம் இருப்பது லட்சக்கணக்கான குடும்பங்களின் சோறு. ஆனால் தறியில் உட்காருபவரிடம் யோசனை கேட்கும் பழக்கமாவது வந்திருக்கலாம்.

அவர் வாதத்துக்கு உயிருள்ள சாட்சி மரியான் ஸ்ட்ராப். சுவிட்சர்லாந்துப் பெண். பிராட்ஃபோர்டு தொழில்நுட்பக் கல்லூரியில் விசைத்தறியைக் கற்றுவிட்டு, அதன் பிறகு கைநூற்பும் சாயமும் கற்க கோஸ்பெல்ஸுக்கு வந்தார். வரிசை தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து நொடித்துப்போன வேல்ஸ் கம்பளி மில்களுக்கு வடிவமைப்பு ஆலோசகராகப் போனார். பழைய மில்களின் இயந்திரத்தை மாற்றாமலே, நூலையும் நிறத்தையும் மாற்றி அவற்றுக்குப் புதுத் துணி கொடுத்தார். பிறகு பெரிய ஜவுளி நிறுவனங்களுக்கு வடிவமைத்தார். 1970களில் லண்டன் பேருந்துகளிலும் ரயில்களிலும் இருக்கைகளுக்குப் போட்ட நீலமும் பச்சையுமான துணி அவர் வடிவமைத்ததுதான். கோடிக்கணக்கானவர்கள் அதன் மேல் உட்கார்ந்து வேலைக்குப் போய் வந்தார்கள்.

எலிசபெத் பீகாக் வேறு வழியில் போனார். மெய்ரேயிடம் தொடக்க நாள்களிலேயே சேர்ந்தவர் அவர். பிறகு பக்கத்திலேயே தனிக்கூடம் வைத்தார். டார்ட்டிங்டன் மாளிகையின் பெரிய மண்டபத்துக்கு அவர் நெய்த நெடுந்துணிகள் இங்கிலாந்தில் பேசப்பட்டவை. அந்த டார்ட்டிங்டனை நடத்திய லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட், தாகூரோடு ஸ்ரீநிகேதனில் கிராம வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

விற்பனை எப்போதும் தொல்லைதான். 1928-ல் லண்டனில் நியூ ஹேண்ட்வொர்க்கர்ஸ் கேலரி என்ற கடையைத் தொடங்கியதில் மெய்ரேக்குப் பங்குண்டு. கைவினை பற்றிய சிறு வெளியீடுகளையும் அங்கிருந்து போட்டார்கள். லீச் எழுதிய குறுநூல் அவற்றில் ஒன்று. 1930களின் பிற்பகுதியில், தொழில்துறை வடிவமைப்பாளருக்கான அரச விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்குத் தரப்பட்டபோது அது மெய்ரேக்குப் போயிற்று. கைத்தறிக்காரருக்குத் தொழில்துறை விருது. அவர் சொல்லிக்கொண்டிருந்ததை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது போல.

1952 நவம்பரில் இறந்தார். கோஸ்பெல்ஸ் கூடம் அவரோடு முடிந்தது. அவருடைய துணி மாதிரிகளும் குறிப்புகளும் ஃபார்னமில் உள்ள கைவினை ஆய்வு மையத்தில் இருக்கின்றன. டிச்லிங்கில் 1985-ல் இரண்டு சகோதரிகள் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. அவர்களில் ஒருவர் ஹிலரி போர்ன், அவரும் தறிக்காரர்.

கடைசிக் காலத்தில் அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் பீட்டர் காலிங்வுட். மருத்துவம் படித்துவிட்டு அதை விட்டு 1950-ல் வந்தார். சில மாதங்களே இருந்தார், பிறகு தனித் தறி போட்டார். தரை விரிப்பு நெசவு பற்றி 1968-ல் அவர் எழுதிய பெரிய நூல் இன்றும் விரிப்பு நெய்பவர்களின் கைப்புத்தகம். பிற்பாடு அவர் பாவு நூல்களையே ஒன்றோடொன்று குறுக்காகக் கடக்க விட்டு, காற்றில் தொங்கும் சல்லாத் துணிகளை நெய்தார். 1997-ல் ஜப்பானின் கிர்யு நகரில் ஒரு கலையரங்குக்காக நெய்த பெரும் துணிக்கு அவர் எடுத்துக்கொண்ட நூல் துருப்பிடிக்காத எஃகு. கிர்யு, பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர்.